கர்னலின் கணுக்கால்

நந்தி மலை அடிவாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே
ஓடு வேய்ந்த அந்த விடுதியில்
சனிக்கிழமைதோறும் ஒருவர் சாகிறார்.
தலைக்கு ஆறாயிரத்து ஐந்நூறு,
இரவுச் சாப்பாடு சேர்த்து. வரி தனி.

பானஸ்வாடியிலிருந்து நாங்கள் ஏழு ஜோடி.
ஹெப்பாள் மேம்பாலத்தில் ஒன்றரை மணி நேரம் நின்று நின்று
பழைய காலத்துப் பிரபுக்களாக மாற வந்தோம்.
சிக்பேட்டையில் வாடகைக்கு எடுத்த கோட்டுகளில்
யாரோ ஒரு மாப்பிள்ளையின் வியர்வை மிச்சம் இருந்தது.

வாசலிலேயே உறைகள் தந்தார்கள்.
நாலாம் மாடி ஜோஸ்லினுக்கு விதவை வேடம்,
பல் மருத்துவர் ஹெக்டே தோட்டத்து மேலாளர்,
என் வீட்டுக்காரர் தணிகைவேல், இன்ஸ்பெக்டர்.
என் உறையைக் கழிப்பறையில் வைத்துப் பிரித்தேன்.
'கொன்றது நீ. காபியில் கலந்தாய்.
கேட்டால் நூலகத்தில் இருந்ததாகச் சொல்.'
இரண்டு முறை படித்தேன்.
மளிகைச் சீட்டைப் போல நாலாக மடித்து
ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.

சூப்பு முடிந்து மீன் வருவதற்குள் மின்சாரம் போனது.
போனதா, நிறுத்தினார்களா, கடைசிவரை தெரியவில்லை.
யாரோ அலறினார்கள், கொஞ்சம் தாமதமாக.
ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது
கர்னல் தரையில் கிடந்தார்,
ஒட்டு மீசை ஒரு பக்கம் எழுந்து நிற்க.

எல்லோரும் துப்புத் தேடப் போய்விட்டார்கள்.
மேஜை விரிப்பைத் தூக்கினார்கள், பூச்சாடியைக் கவிழ்த்தார்கள்,
விதவையின் கைப்பையில் கடிதம் அகப்பட்டது,
மேலாளருக்கும் அவளுக்கும் தொடர்பு என்றதும்
ஹெக்டேயின் மனைவி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

பிணம் தனியாக இருந்தது.
குனிந்து பார்த்தேன்.
வயிறு மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
பூட்ஸ் ஒன்று கழன்று கிடக்க
குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு.
கணுக்காலில் ஒரு கொசு, நிதானமாக,
பந்திக்கு முந்தி வந்ததுபோல.
செத்தவர் சொறிந்துகொள்ள முடியாது.
அடித்தேன்.
உள்ளங்கையில் ஒரு பொட்டு.
அன்றிரவு அங்கே சிந்திய நிஜ ரத்தம் அவ்வளவுதான்.
கர்னலின் ஒரு கண் திறந்து மூடியது.

பிறகு விசாரணை.
தணிகைவேல் குறிப்பேட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.
"ஒன்பதரை மணிக்கு எங்கே இருந்தீர்கள், அம்மணி?"
பதினான்கு வருடத்தில்
நான் எங்கே இருந்தேன் என்று அவர் கேட்டது
அதுதான் முதல் தடவை.
சாவி எங்கே, சார்ஜர் எங்கே என்பார், அது வேறு.
"நூலகத்தில்."
"என்ன படித்துக்கொண்டிருந்தீர்கள்?"
இது உறையில் இல்லை.
நிஜமாகவே யோசித்தேன்.
சொல்ல வாய் திறப்பதற்குள்
'படிப்பு' என்று எழுதிக்கொண்டு ஜோஸ்லினிடம் போய்விட்டார்.

வாக்கெடுப்பில் ஹெக்டேக்கு எட்டு, ஜோஸ்லினுக்கு நாலு,
ஆட்டத்திலேயே இல்லாத சமையல்காரருக்கு ஒன்று.
எனக்கும் ஒன்று. அது நான் போட்டது.
நீயா, நீயா என்று கை தட்டினார்கள்.
"என்னிடமாவது சொல்லியிருக்கலாம்" என்றார் தணிகைவேல் இரவில்,
வாய் நிறையப் பற்பசை நுரையோடு.

ஞாயிறு காலை, பனி விலகாத முற்றத்தில்
கர்னல் காபி கொண்டுவந்தார்.
மீசை இல்லை. பெயர் முனிராஜு, ஊர் பாகேபள்ளி,
தமிழ் ஓசூர் பேக்கரி ஒன்றில் கற்றது.
"நீங்கதான்னு எனக்கு அப்பவே தெரியும் மேடம்."
எப்படி?
"கொன்னவங்கதான் கிட்ட வந்து பாப்பாங்க.
மத்தவங்களுக்கு ஆட்டம் இருக்கு இல்ல?"
தட்டை வைத்துவிட்டு ஒற்றைக் காலில் நின்று
மறு கால் கட்டைவிரலால்
கணுக்காலைச் சொறிந்துகொண்டார்.

இரண்டு கோப்பை.
தணிகைவேல் இன்னும் எழுந்திருக்கவில்லை.
அவருடையதில் நானே சர்க்கரை போட்டேன்.
கலக்கினேன்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.